பாதிச் சௌசௌ

ஏற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் தனி ஆள். ஒல்லி, தடித்த மூக்குக்கண்ணாடி. சந்தையில் ஒரு சௌசௌ வாங்கினால் பாதியை எனக்குக் கொடுத்துவிடுவார். மீதியை ஸ்டவ்வில் பாசிப்பருப்புக் கூட்டாக்கி, சீரகம் தாளித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும். எட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, நின்றபடியே சட்டியை வழித்துத் தின்பவள் நான். அவர் தந்த பாதி என் சாம்பாரில் போன இடம் தெரியாது.

“ஒரு ஆளுக்கு எதுக்குங்க டீச்சர் இத்தனை பாடு?” என்று ஒருநாள் குத்தலாகவே கேட்டேன்.

“சாப்பிடற ஆளு நானுங்களே” என்றவர், “உங்களுக்கு நொம்பப் புடிச்ச காய் எதுங்க?” என்றார்.

“எங்க ஊட்டுக்காரருக்குக் கத்திரிக்காய்ங்க” என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.