சிவப்பு மை பட்ட தாள்கள்

தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியின் வம்சத்திலேயே பல்கலைக்கழகம் போனவள் மகள் சந்திரிகா ஒருத்திதான். அவளுடைய பட்டப்படிப்புக் கட்டுரையைப் பேராசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். அதைப் பார்த்துத் திருத்தி எழுதித் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். லயத்து வரிசை வீட்டுத் தரையில் தாள்களை அத்தியாயவாரியாகப் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தால் பாதித் தாள்களைக் காணோம்.

"செவப்புக் கோடு போட்டதயெல்லாம் அடுப்புல வச்சிட்டேன்டி," என்றாள் தாய் அஞ்சலை. "ரிப்போட் காட்ல செவப்புன்னா பெயிலுதானே? அப்பா பாத்தா தோல உரிச்சிடுவாரு லா!"

"அய்யோ அம்மா, அதப் பாத்துதாம்மா திருத்தணும்! வேற காப்பி இல்லம்மா!"

சந்திரிகா அடுப்பைக் கிளறினாள். சாம்பல்தான் பறந்தது.

வேலை முடிந்து வந்த நல்லசாமி வாசலிலேயே கேட்டார்: "என்னம்மா, எழுதி முடிச்சிட்டியா?"

அஞ்சலை அவசரமாக அடுப்பை மறைத்து நின்றுகொண்டாள்.