பாலத்தடியில் காலரா ஊசி

இன்று காலை அரியாங்குப்பத்திலிருந்து வந்த பஸ்ஸை ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சுகாதார ஆட்கள் நிறுத்தினார்கள்.

"மீன் கூடைக்காரங்க மட்டும் எறங்குங்க. காலரா ஊசி போடாம டவுனுக்குள்ள விட மாட்டோம்."

நானும் எழுந்தேன். "நீங்க உக்காருங்க முசே," என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர், பிரெஞ்சு மரியாதையோடு. குமாஸ்தாவான என் வெள்ளைச் சட்டைக்குள் காலரா நுழையாது போலிருக்கிறது. அவர் பேச்சைக் கேட்காமல் இறங்கினேன்.

எனக்கு முன்னால் மீன்காரி தனம் நின்றாள். பாலத்திலிருந்து நடக்கும் தூரத்திலிருக்கும் அவள் குப்பத்தில் போன வாரம்தான் ஒரு குழந்தை வாந்திபேதியில் செத்தது.

"போட்டுக்கறேங்க. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கு எப்ப போடுவீங்க?"

"குப்பத்துக்கு மருந்து கெடையாது. டவுனுக்குள்ள போறவங்களுக்குத்தான் உத்தரவு."

"அப்ப நாங்க சாவக் கூடாதுன்னு இல்ல. உங்களுக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் ஊசியா?"

தனம் கூடையை இறக்கி வைத்தாள்.

"இருங்க, புள்ளைங்களக் கூட்டிக்கினு வரேன். அதுங்களும் டவுனுக்குத்தான் போவுது. போடாம அனுப்பிடுவீங்களா?"

பஸ் போய்விட்டது. நான் கூடையருகே காத்திருந்தேன். தனம் திரும்பியபோது குப்பத்துப் பிள்ளைகள் கூட்டமாகப் பின்னால் வந்தார்கள்.

"எல்லாரும் டவுனுக்குத்தான் போறாங்க. உத்தரவுப்படி போடுங்க," என்றேன். இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டிக்கொண்டே போட்டார். பாதிப் பிள்ளைகளோடு மருந்து தீர்ந்தது.

"மீதிப் பிள்ளைங்களுக்கு?"

"திட்டத்துல இல்ல முசே."

அந்தத் திட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு மீதிப் பிள்ளைகளை அவர் வீட்டு வாசலுக்கே கூட்டிப் போகிறோம்.