டிராகன் ராஜாவைக் கொன்றது யார்?

அந்தத் தையல்காரி ஒரு மாயாஜால நாவலின் ஐந்து பாகங்களையும் வரி விடாமல் படித்தவள். அதில் டிராகன் ராஜாவைக் கொன்றது யார் என்று வாசகர் குழுவில் ஓயாத சண்டை. “அங்கி தைச்ச பணிப்பெண்தான். காலர் மடிப்புல விஷம் வெச்சிருக்கா,” என்று இவள் எழுதினாள். “ஊசி பிடிக்கிறவளுக்கு எல்லாமே ஊசிதான்!” என்று கெக்கலித்தார்கள்.

மறுமாதம் அவள் கொழுந்தன் அதையே தன் கண்டுபிடிப்பாக அந்தக் குழுவில் வீடியோ போட்டான். அதே ஆட்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். அவளுக்கு ரத்தம் கொதித்தது. கத்தரிக்கோலை மேசையில் அறைந்துவிட்டு அவன் அறைக்குப் போனாள்.

“விடுங்க அண்ணி, வெறும் கதைதானே!”

“மூளையைக் கசக்கினது நான், மூஞ்சியைக் காட்டினது நீயா? யார் சொன்னதுன்னு இப்பவே சொல்லு!”

அவன் முணுமுணுத்துக்கொண்டே, அது அண்ணி கண்டுபிடித்தது என்று இன்னொரு வீடியோ போட்டான். “என்ன பெருந்தன்மை, தம்பி!” என்று குழுவே அவனைக் கொண்டாடியது. அவளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. “தூ!” என்று சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள்.