பதினேழு நிமிடம் முந்தி ஓடிய கடிகாரம்

சூரியன் மூட்டை மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உதிக்கும். அவர் தலையசைக்காமல் பூமி ஒரு அங்குலம்கூட நகராது. மலைமேல் இருக்கிற கோட்டை எழுநூறு வருடமாக இடியாமல் நிற்கிறதே, நன்றாக விசாரித்தால் அதுவும் அவர் போட்ட உத்தரவாகத்தான் இருக்கும்.

விசாரிக்க நேரமில்லாதவர்களுக்கு அவர் பேருந்து நிலையத்தில் பயணிகளின் பைகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அடுத்த பேருந்து கிளம்பும்வரை முதுகுப் பையை அவருடைய அறையில் இறக்கி வைப்பார்கள். அவர் ஒரு டோக்கனை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைப் பையில் கட்டுவார், மறு பாதியைக் கையில் கொடுப்பார். பாதியும் பாதியும் சேராமல் பை வெளியே போகாது. பிரதமரே வந்தாலும் டோக்கன் கேட்பார்.

"இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட பை வச்ச ஒருத்தரும் பஸ்ஸ விட்டதில்ல." இதுதான் அவருடைய ஒரே பெருமை. கேட்டுக் கேட்டு டீக்கடைக்காரருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு தில்லுமுல்லு இருந்தது. கோட்டையிலிருந்து திரும்புகிற யாராக இருந்தாலும் ஆற்றுப் பாலத்தில் ஒரு தடவை நிற்பார்கள். திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தது போதாமல் இன்னொரு தடவை பார்ப்பார்கள். எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் பாலம் விடாது. இதைப் பல வருடம் கவனித்து, சுவர்க் கடிகாரத்தைப் பதினேழு நிமிடம் முந்தி ஓட வைத்திருந்தார் மாமா. எதற்கு இப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் அஞ்சு நிமிடம்தான் என்று சாதித்துவிடுவார். நின்று கணக்குப் பார்க்க அங்கே யாருக்கும் பொழுதில்லை.

அன்றைக்கு நண்பகலில் மாமாவின் அக்கா வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. மாமா உள்ளே பைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் முக்காலியில் ஏறிக் கடிகாரத்தைச் சரியான மணிக்குத் திருப்பிவிட்டார். மாமா ஒரு நாளாவது திருதிருவென்று விழிப்பதைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை. வேறு கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். அவளைவிட அவள் பை பெரிதாக இருந்தது. மறுநாள் காலையில் வேலையில் சேர வேண்டும். முதல் வேலை. அதற்கு முன்னால் தனியாக நாலு ஊர் சுற்ற வீட்டில் அழுது அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள். இது நாலாவது ஊர். நாலரை மணி பேருந்தை விட்டால் ஊர் போய்ச் சேர வேறு வண்டி இல்லை. செல்போன் காலையிலேயே உயிரை விட்டிருந்தது. கையில் சாவி கொடுக்கிற பழைய வாட்ச், அதுவும் நின்றுபோயிருந்தது.

மாமா சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, வாட்சுக்குச் சாவி கொடுத்து மணியைத் திருத்தச் சொன்னார். "நாலரைக்கு இங்க நிக்கணும். பஸ் வேணா ஏமாத்தும், இந்தக் கடிகாரம் ஏமாத்தாது."

கடிகாரம் நாலு இருபத்தெட்டு காட்டியபோது நாலரை மணிப் பேருந்து உறுமத் தொடங்கியது. மாமாவின் மனக்கணக்கில் அப்போது மணி நாலு பதினொன்றுதான். டிரைவருக்குப் புத்தி கெட்டுவிட்டதென்று திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். டிரைவர் தன் வாட்சைக் காட்டினார். கண்டக்டர் தன்னுடையதைக் காட்டினார். டீக்கடைக்காரர் கேட்காமலேயே செல்போனைத் தூக்கிக் காட்டினார். மூன்றும் நாலு இருபத்தெட்டு.

மாமா திருதிருவென்று விழித்தார். ஆனால் அதைப் பார்க்க ஆசைப்பட்டு அதுவரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, பார்த்தபிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் இந்நேரம் பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குள் போனார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, டோக்கன் சேராத பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேருந்தின் வாசற்படியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, எந்திரிங்க. எனக்கு மெமோ குடுத்துருவாங்க," என்றார் டிரைவர்.

"தப்பு என் கடிகாரத்தோடது. அந்தப் பொண்ணு என்னை நம்பித்தான் போயிருக்கு. பத்து நிமிஷம் குடு. அதுக்கப்புறம் என்னையும் சேத்து ஏத்திட்டுப் போ."

உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் சட்டம் பேசினார். மாமா பாலம் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு டீ சொன்னார்.

நாலு முப்பத்தொன்பதுக்கு அவள் தலைதெறிக்க ஓடிவந்தாள். பேருந்தே ஒரு பெருமூச்சு விட்டது. மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டோக்கன்?"

அவள் சட்டைப் பையில் தேடினாள். பர்ஸில் தேடினாள். பேருந்து மொத்தமும் தலையில் அடித்துக்கொண்டது. கடைசியில் ஷூவைக் கழற்றிக் காலுறைக்குள்ளிருந்து எடுத்தாள். வியர்வையில் நனைந்திருந்த பாதியை வாங்கி, பையில் கட்டியிருந்த பாதியோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் மாமா எழுந்தார்.

"பாலத்துல நின்னியாம்மா?"

"கொஞ்ச நேரம்தான் நின்னேன் அங்கிள். உங்க கடிகாரம் கரெக்டாத்தான் காட்டுச்சு, நான்தான் லேட்டு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கடிகாரத்தை யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

சாயங்காலம் அவர் முக்காலியில் ஏறிக் கடிகாரத்தை மறுபடி முந்தி ஓட வைத்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் தூக்கோடு ஒரு நோட்டும் வந்தது. மாமாவின் புகழைப் பாடி அக்கா மகள் எழுதியது. சாப்பிட்டுக்கொண்டே படித்தார். சூரியன் வந்த இடத்தில் மீசைக்குள் சிரித்தார். பாலம் வந்த இடத்தில் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. திரும்பவும் அதே வரியைப் படித்தார். பிறகு, தூக்கைக் கொண்டுவந்து எதிரே நின்றவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எல்லார்கிட்டயும் அஞ்சு நிமிஷம்னுதான நான் சொல்லியிருக்கேன். பதினேழுன்னு உனக்கு எப்படித் தெரியும், வாலு?"