பத்தொன்பது பொய் வட்டங்கள்

ஸோர்கா இடது கையால் பீச் மரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த தூரிகையால், மலைப்பாதைக்கு வழி காட்டும் வட்டத்தின் மேல் சாம்பல் நிறப் பெயிண்டை அப்பினாள். சிவப்பு வளையம் சீக்கிரம் மறைந்தது. நடுவிலிருந்த வெள்ளைப் பொட்டுக்கு இரண்டாம் பூச்சு வேண்டியிருந்தது. அது பதினொன்றாவது. பன்னிரண்டாவது வட்டம் ஓடைக்கு அப்பால் பாறையில் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. போதும் என்று டப்பாவை மூடினாள்.

பதினொன்றையும் வரைந்தவர் அவள் கணவர் லுத்விக். மலையேற்றச் சங்கத்துக்காக முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பள்ளத்தாக்கின் பாதைகளுக்கு வட்டம் போட்டவர். இப்போது எழுபத்தாறு வயது. கரண்டி எதற்கு என்பது மறந்துவிட்டது, மகள் நாத்யாவின் பெயர் மறந்துவிட்டது, வட்டம் மட்டும் மறக்கவில்லை. ஒன்றைக் கண்டால் அடுத்ததைக் கண் தேடும். கண் போன பக்கம் கால் போகும். கணவாய்க்கு ஏறும் பாதை அவர்கள் கொட்டகைக்குப் பின்னாலேயே தொடங்கியது. மே மாதத்தில் ஒரு நாள் வீட்டுச் செருப்போடு முழுப் பாதையும் ஏறி, ஆட்டுக்காரர்களின் குடிசை வாசலில் போய் உட்கார்ந்திருந்தார். மீட்புக் குழு தூக்கிக்கொண்டு இறங்கியது.

நாத்யா அன்றே கீழே நகரத்து முதியோர் இல்லத்தில் அவர் பெயரை எழுதிவிட்டாள். இடம் கிடைத்துவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஸோர்கா இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். இல்லத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கெட்டவர்கள் இல்லை, முப்பது பேருக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். நடந்துகொண்டே இருக்கும் கிழவரை நாற்காலியில் உட்கார வைத்து மடிக்குக் குறுக்கே பலகையை மாட்டிவிடுவார்கள். அவளே எத்தனையோ பேருக்கு மாட்டியிருக்கிறாள். வீட்டைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும், இருந்தும் ஒரு நாள் பூட்டிப் பார்த்தாள். கைப்பிடியை ஆட்டி ஆட்டி லுத்விக்கின் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. திறந்து வைத்தால் அவள் கண்ணை மூட முடியாது. ஒன்றரை வருஷமாகக் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளிக்கிறாள். கடைத்தெருவுக்கு இறங்கி ஏழு வாரம் ஆகிறது.

பாதை மாறும்போது பழைய வட்டத்தை அழிப்பதற்கென்று லுத்விக் வைத்திருந்த சாம்பல் நிற டப்பா கொட்டகையில் கிடந்தது. அதைத்தான் எடுத்தாள்.

பலித்தது. லுத்விக் கொட்டகைக்குப் பின்னால் முதல் வட்டம் இருந்த மரம் வரை போவார், பட்டையைத் தடவுவார், இடமும் வலமும் பார்ப்பார். "வழி இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒன்பது நாள் ஸோர்கா கதவை மூடிக்கொண்டு குளித்தாள்.

பத்தாவது நாள், சனிக்கிழமை மத்தியானம், போக்டன் வந்தான். முன்பு லுத்விக்கோடு பெயிண்ட் டப்பா தூக்கியவன். இப்போது சங்கத்தின் பாதைகளுக்கெல்லாம் பொறுப்பு அவன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நின்றான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. பெயிண்ட் அடிச்சது நீயா, அண்ணனா?"

"நான்தான்."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்காம போனா நல்லாருக்கும். வந்துட்ட, உக்காரு. சோளக்களி இருக்கு."

"களி திங்கவா வந்தேன்? செக் நாட்டுக்காரங்க ரெண்டு பேரு நேத்து வட்டத்தக் காணாம பள்ளத்துல எறங்கிட்டாங்க. அதுல ஒரு பொம்பளைக்குக் கணுக்கால் போச்சு. ஆறு பேரு தூக்கிட்டு வந்தோம்."

ஸோர்காவின் கை அகப்பையிலேயே நின்றது. "எலும்பு வெளிய வந்துச்சா?"

"இல்ல."

"கால் வெரல அசைச்சாளா?"

"அசைச்சா. என்னக் கண்டபடி திட்டவும் செஞ்சா."

"அப்போ தேறிடுவா. விலாசம் குடு, நானே எழுதி மன்னிப்புக் கேட்டுக்கறேன். எம்மேல தப்புதான்."

"நாளைக்குக் காலைல பதினொண்ணையும் திரும்பப் போடப் போறேன். தடுக்காத."

"போட்டா அவரு மறுபடி ஏறிடுவாரு. ஏறுனா திங்கக்கிழம நாத்யா வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

மேஜையின் அந்தப் பக்கம் லுத்விக் களியை விரலால் எடுத்துப் புளித்த பாலில் தோய்த்துக்கொண்டிருந்தார். போக்டனை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு இது?"

"போக்டன். உங்ககூட வேல செஞ்சவன்" என்றாள் ஸோர்கா.

"இவனா? இவன் போடற வட்டம் முட்ட மாதிரி இருக்கும்."

போக்டனுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஸோர்கா களியை அவன் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்றத முழுசாக் கேளு. பாதைய இங்கேருந்து ஏத்தாத, பாலத்துலேருந்து ஏத்து. பழைய வண்டித்தடம் இருக்கில்ல, அது நேரா பன்னெண்டாவது வட்டத்துல போய்ச் சேரும்."

"அதப் பண்ணலாம். கமிட்டிய நான் பாத்துக்கறேன்."

"இன்னொண்ணு. எங்க புல்வெளியச் சுத்தி வட்டம் போட்டுக் குடு. கொட்டகைல ஆரம்பிச்சு, தேன்பெட்டி வழியா, வேலியோரமாப் போய், திரும்ப இந்த சமையக்கட்டுக் கதவுக்கு."

போக்டன் கரண்டியைக் கீழே வைத்தான். "பொய் வட்டமா?"

அதைவிடக் கேவலமான காரியம் அவர்கள் தொழிலில் இல்லை. முன்பு ஒரு விடுதிக்காரர், நடப்பவர்களைத் தன் வாசலுக்குத் திருப்ப ஆறு வட்டம் போட்டுக்கொண்டார். லுத்விக் ஆறையும் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்தார். அதன் பிறகு அந்த விடுதிக்காரர் சாகும்வரை லுத்விக் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை, சவ அடக்கத்துக்கும் போகவில்லை.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு."

"தெரியற நெலமைல இருந்தா உங்கிட்ட நான் ஏன் கேக்கறேன்?"

"வழி தெரியாதவன் எவனாவது அதப் பாத்து நடந்தான்னா?"

"நம்ம வாசலுக்கு வருவான். களி போடறேன்."

"வெளையாடாத அக்கா. சங்கத்துல வாக்குக் குடுத்திருக்கேன்."

"நானும்தான் குடுத்தேன், மாதா கோயில்ல. எனக்கு வேற ஒண்ணும் தோணல, போக்டன். உனக்குத் தோணுனாச் சொல்லு."

போக்டன் பாதிக் களியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

ஸோர்கா தட்டுகளைக் கழுவினாள். இல்லத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துத் தூங்கலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவள் விரட்டவில்லை. வார்டில் அவளைவிட நல்ல மனைவிகள் அதை வாய்விட்டே சொல்லிக் கேட்டிருக்கிறாள். லுத்விக்கின் விரல்களைத் துடைத்துவிட்டாள். வாசலில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போக்டன் சிவப்பு, வெள்ளை டப்பாக்களோடு வந்து நின்றான். பாலத்துப் பாதையில் இரண்டு பேர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்றான். கொட்டகை மூலையில் முதல் வட்டத்தைப் போட்டான். நல்ல வட்டம் போகும்போதும் வரும்போதும் தெரிய வேண்டும். இவற்றை ஒரே பக்கம் பார்க்கப் போட்டான், லுத்விக் பாதியில் திரும்பிவிடக் கூடாது என்று. தேன்பெட்டி, வேலிக்கம்பங்கள், பிளம் மரங்கள் என்று மொத்தம் பத்தொன்பது. கடைசி வட்டம் சமையலறைக் கதவின் நிலையில். அங்கே நின்றால் கொட்டகை மூலை தெரியும்.

"அண்ணன் காலம் முடிஞ்சதும் நானே வந்து சுரண்டிடுவேன்" என்றான்.

"சுரண்டிக்க."

பெயிண்ட் காய்ந்ததும் ஸோர்கா லுத்விக்குக் கெட்டியான பூட்ஸ் மாட்டிவிட்டாள். கொட்டகை வட்டத்தைக் கண்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. அவள் பின்னாலேயே நடந்தாள். ஆறு நிமிஷத்தில் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். அவர் நிலையிலிருந்த வட்டத்தில் விரலை வைத்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"மட்டமான பாதை. உச்சியே இல்ல."

சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். திரும்பவும் கிளம்பினார். போக்டன் டப்பாக்களை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே ஜீப்புக்குப் போனான்.

தேன்பெட்டிக்குப் பக்கத்தில் சரிவு இருந்ததால் ஸோர்கா மூன்றாவது சுற்றிலும் கூடவே போனாள். பிளம் மரத்தடியில், அடுத்த வட்டத்தைத் தன் கண்ணும் தேடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அங்கேயே நின்றாள். லுத்விக் அவளைத் தாண்டி, யாரோ போல நடந்து போனார்.

பதினோரு மணிக்கு நாத்யாவுக்குப் போன் செய்தாள். "அந்த இடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு."

"அம்மா, இது எத்தன நாளைக்கு?"

"பனி விழுந்து வட்டத்த மூடற வரைக்கும். அப்பறம் பாக்கலாம்."

"அப்போ நீ?"

"நான் எங்க போகப் போறேன்?"

ஜன்னலுக்கு வெளியே லுத்விக் எட்டாவது முறையாகப் போய்க்கொண்டிருந்தார். பூட்ஸ் நாடா அவிழ்ந்து தரையில் இழுபட்டது. ஸோர்கா போனை வைத்துவிட்டு அதைக் கட்டிவிட வெளியே போனாள்.