பாராட்டு என்று பதிவான மனு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தான் மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

எங்கள் கணபதிப் பகுதியில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் பட்டறையில் நாங்கள் நான்கு பெண்கள். வேலை ஆறு மணி வரை. பிள்ளைகளை விடும் பால்வாடியோ மூன்றரைக்குப் பூட்டிவிடும். அதன் பிறகு என் நான்கு வயது மகளுக்கு என் மேஜைக்கடிதான் வீடு. ஒருநாள் சூடாக இருந்த சால்டரிங் கம்பியைத் தொடப் போனாள். நான் பார்க்காமல் இருந்திருந்தால் விரல் வெந்திருக்கும். அன்று ராத்திரியே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

எங்கள் பால்வாடி மட்டுமல்ல, பெண்கள் வேலைக்குப் போகிற எல்லா இடத்திலும் ஆறு மணி வரை திறந்து வைக்க அரசு உத்தரவு போட வேண்டும் என்று சுடச்சுட எழுதினேன். மற்ற மூவரும் வாங்கிப் படித்தார்கள்.

"'வேண்டும்'னு அதிகாரமா எழுதலாமுங்களா அம்மணி? 'முடிஞ்சா'ன்னு போடுங்க," என்றார் ஒருவர்.

"மனு வாங்கற ஆபீசருக்கு எத்தன வேலையோ பாவம். 'அவசரமில்லை'ன்னு சேத்துக்குங்க," என்றார் அடுத்தவர்.

"மொதல்ல டீச்சரப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதோணுமுங்க. இல்லீன்னா அவங்க மனசு நோகும்," என்றார் மூன்றாமவர்.

மனு இரண்டு பக்கம் ஆனது. முதல் பக்கம் முழுக்க டீச்சரின் தங்கமான குணமும் பால்வாடியில் போடும் முட்டையின் ருசியும். கோரிக்கை இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் பதுங்கிக் கிடந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். பிள்ளைகளோடு போய் வரிசையில் நின்றோம். அதிகாரி முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க. வேற ஏதாச்சும் வேணுமுங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார்கள் மூவரும் ஒரே குரலில். கொடுமை என்னவென்றால், நானும் சொன்னேன். கேட்டவுடன் 'வேணும்' என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது.

பஸ் ஸ்டாப்பில்தான் ரசீதைப் பார்த்தேன். மனுவின் வகை என்ற இடத்தில் 'பாராட்டு' என்று இருந்தது.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன்.

"ஏனுங்க, ரெண்டாம் பக்கத்துல எழுதுனது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா? எம்பட புள்ள மேஜைக்கடியில கெடக்குதுங்க. கை வெந்துபோச்சுன்னா நீங்க வருவீங்களா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அதிகாரி பக்கத்தைத் திருப்பிப் படித்தார். என் மகளைப் பார்த்தார்.

"இதைய மொதல்லயே எழுதியிருக்கலாமேங்க," என்றார்.

எங்கள் பால்வாடி மட்டும் மூன்று மாதம் சோதனையாக ஆறு மணி வரை திறந்திருந்தது. முதல் நாள் மூன்றரைக்கு, பழக்க தோஷத்தில் என் கால் மேஜைக்கடியில் துழாவியது. அங்கே யாருமில்லை. காயிலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

சோதனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது மறுபடியும் மனு. இந்த முறை இரண்டே வரி. எல்லாப் பால்வாடியும் ஆறு மணி வரை வேண்டும், நிரந்தரமாக வேண்டும். மூவரிடமும் கையெழுத்தை மட்டும் வாங்கினேன், பேனாவைக் கையோடு பிடுங்கிக்கொண்டேன்.

அதிகாரி ரசீது கொடுத்தார். நகராமல் நின்று படித்தேன். 'கோரிக்கை' என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் மரியாதைக்கு அவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.