மரத்த விரலுக்கு ஒரு கீபோர்டு

எறணாகுளத்துக்குப் பக்கம் தோப்பும்படியில் நான் வேலை பார்த்த இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் எந்த லேப்டாப்பும் நீண்ட ஆயுளோடு இருந்ததில்லை. ஐஸ் தண்ணீர், உப்புக் காற்று, இறால் கழுவிய வழவழப்பு எல்லாம் சேர்ந்தால் மெஷின் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. முதலில் ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஏதாவது ஓர் எண் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே போகும். கடைசியில் திரை கறுத்துவிடும். மானேஜர் வந்து எட்டிப் பார்ப்பார். லேப்டாப்பைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் என்ன, அதற்கு விஷமா வைத்தேன்?

என் இடம் குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த எடை மேஜை. எதிரே தராசு. அங்கே நிற்பவள் பெட்டியைத் தூக்கி வைத்து எடையையும் ரகத்தையும் உரக்கச் சொல்வாள். நான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது கீபோர்டைப் பார்க்கக் கூடாது, திரையையும் பார்க்கக் கூடாது. என் கண் பெட்டியில் கட்டிய கலர் டேக்கில் இருக்க வேண்டும். அவள் சொன்ன ரகமும் டேக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. அதனால்தான் அந்த மேஜைக்கு, பார்க்காமல் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு அது தெரியும். தொண்ணூறுகளில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு கோடவுனுக்கு மேல்மாடியில் நடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தேன். தும்மிக்கொண்டே லோயர், தும்மிக்கொண்டே ஹையர். அப்பா முனிசிபாலிட்டியில் குப்பை வண்டியோடு போனவர். மகள் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அந்த விஷயத்தில் நான் அவருக்குக் குறை வைக்கவில்லை. உட்கார்ந்தேதான் வேலை செய்தேன், ஐஸுக்குப் பக்கத்தில்.

விரல் எப்போது மரத்துப்போக ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே எல்லோருக்கும் கை விறைக்கும். சாயா வந்ததும் கிளாஸின் விளிம்பைப் பிடித்து, கையை மாற்றி மாற்றி வைத்து, விரல் இளகின பிறகுதான் வேலைக்குத் திரும்புவோம். மற்றவர்களுக்கு இளகியது. எனக்கு இளகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் விரல் நுனியெல்லாம் யாருடையதோ மாதிரி இருந்தது. டாக்டர் ஊசியால் குத்தி, "தெரிகிறதா, தெரிகிறதா" என்று கேட்டுக்கொண்டே போனார். நரம்பு என்றார். சர்க்கரையாக இருக்கலாம், குளிராக இருக்கலாம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அது நானாக முடிவு செய்தது.

ஏனென்றால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எடை மேஜையில் இருந்து எழுப்பப்பட்டவர்கள் இறால் உரிக்கிற ஹாலுக்குப் போவார்கள். எனக்கு முன்னால் இருந்தவள், கண் மங்கினதும் அங்கேதான் போனாள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு கத்தி பிடிக்க வேண்டும். குத்தினால் தெரியாத விரலில் கத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்க டாக்டர் தேவையில்லை. அந்த ஹாலுக்குப் போகிற நாள், நான் வீட்டுக்குப் போகிற நாள்.

ஆச்சரியம் என்னவென்றால் எனக்குப் பயம் வரவில்லை. வர வேண்டும் என்று தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்டதுபோல இருந்தது. பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன், அடித்தேன், வந்து மீன்கறி வைத்தேன், தூங்கினேன். சிரிக்கிற இடத்தில் எல்லோரும் சிரித்தபின் சிரித்தேன். மரப்பு விரலிலிருந்து ஏறி உள்ளே எங்கேயோ வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கோபம் மட்டும் மிச்சமிருந்தது. அதைச் சாயாக் கடைச் சேட்டனிடம் காட்டினேன். எல்லோருக்கும் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பவர், எனக்கு மட்டும் எப்போதும் ஆறிப்போன சாயா தந்தார். தினமும் சண்டை. அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்.

வேலையைக் காதை வைத்து ஓட்டினேன். பழைய லேப்டாப்பில் கீ ஒவ்வொன்றும் அமுங்கும்போது சத்தம் வரும். சத்தம் வந்தால் விழுந்தது, வராவிட்டால் மறுபடி அழுத்து. எஃப், ஜே இரண்டின் மேலும் இருக்கிற சின்ன மேட்டைத் தடவித்தான் விரலை இடத்தில் வைப்பது வழக்கம். அந்த மேடு எனக்குக் காணாமல் போய்விட்டது. மணிக்கட்டை லேப்டாப்பின் மூலையில் முட்டுக்கொடுத்து இடம் கண்டுபிடித்தேன். கொஞ்சம் தாமதமாகும். நல்லவேளையாகத் தராசில் நின்றவளும் அந்தச் சமயம் மந்தமாகிவிட்டிருந்தாள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். முதலில் மழை மாதிரி எண்களைக் கொட்டியவள், இப்போது ஒரு பெட்டி சொல்லிவிட்டு நின்று யோசித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தூக்குவாள். "என்னடி, புருஷன் ராத்திரி தூங்க விடலையா?" என்று சீண்டுவேன். அவளும் சிரிப்பாள்.

அந்த லேப்டாப்பும் செத்தது. இந்த முறை மானேஜர் ஒரு முடிவோடு இருந்தார். தண்ணீருக்கும் அடிக்கும் தாங்குகிற, ரக்கட் என்று சொல்லப்படுகிற முரட்டு லேப்டாப் வாங்குவது. எறணாகுளத்திலிருந்து விற்பனைக்காரர் இரண்டு மெஷினோடு வந்தார். கைப்பிடி வைத்து, மூலையெல்லாம் ரப்பர் கட்டி, ரெண்டும் பேங்க் லாக்கர் கணக்காக இருந்தன.

"சேச்சி, கீபோர்டும் டச்பேடும் நிங்கள் நோக்கிப் பறஞ்சா மதி. பாக்கி ஞான் நோக்கிக்கோளாம்" என்றார் மானேஜர். அந்த இரண்டையும் நான் பார்த்துச் சொன்னால் போதுமாம். உங்கள் விரல்தான் நமக்கு டெஸ்ட் என்று பெருமையாக வேறு சொன்னார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

முதல் மெஷினின் கீபோர்டு முழுக்க ஒரே ரப்பர் விரிப்பு. இடைவெளியே கிடையாது. விற்பனைக்காரர் மினரல் வாட்டரைத் திறந்து அதன் தலையில் ஊற்றிக் காட்டினார். மெஷின் அசையவில்லை. எனக்கு அந்தப் பகட்டு பிடிக்கவில்லை. "நல்ல தண்ணியை யாரு இங்கே ஊத்தப் போறா?" என்று சொல்லி இறால் கழுவின தண்ணீரை ஒரு மக்கில் வாங்கி ஊற்றினேன். அவர் கையை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டார். மெஷின் அதையும் தாங்கியது. டச்பேடும் சமர்த்து. கிளவுஸ் போட்ட விரலுக்கும் அம்பு நகர்ந்தது.

இரண்டாவது மெஷினில் கீகள் தனித்தனியாக, உயரமாக இருந்தன. அமுக்கினால் நன்றாக உள்ளே போய் டக்கென்று சத்தம் போட்டன. கொட்டின தண்ணீர் அடியில் ஒரு தட்டில் சேர்ந்து வெளியே ஓடும் என்றார். ஓடியது. ஆனால் வழவழப்பு கீ இடுக்கில் தங்கியது, தினமும் துடைக்க வேண்டியிருக்கும். டச்பேடு மகா மோசம். கிளவுஸை மதிக்கவில்லை. ஈரம் பட்டதும் அம்பு திரையில் துள்ளித் துள்ளி ஓடியது. நாங்கள் அம்பை அதிகம் தொடுவதில்லை, இருந்தாலும் மோசம் மோசம்தான்.

நேர்மையாகச் சொன்னால் அந்த இடத்துக்கு ரப்பர்தான் சரி. ரப்பரில் சத்தமே இல்லை. எனக்கு அதுவும் செத்த மெஷினும் ஒன்றுதான்.

"ரப்பர் தன்னெ நல்லது, அல்லே?" என்றார் மானேஜர். ஒருமுறை நிஜமாக அடித்துப் பார்த்துவிடலாம் என்றும் அவரே சொன்னார். தராசில் அவள் பெட்டி வைத்தாள். சொன்னாள். அடித்தேன். அடுத்தது. அடித்தேன். என் கண் டேக்கில் இருந்தது, கை ரப்பர் மேல் எங்கேயோ இருந்தது. நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். பாதி எண்கள் விழவில்லை. சில கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

மானேஜர் அந்த நேரம் விற்பனைக்காரரிடம் வாரண்டி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ரப்பர் வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்பதற்கு என் விரலைத் தவிர வேறு காரணம் இல்லை. தராசுக்குப் பக்கத்திலிருந்து அவள் எட்டித் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சாரே, இது வேண்டாம்" என்றாள்.

மானேஜர் திரும்பினார். தராசுக்காரிக்குக் கீபோர்டில் என்ன அபிப்பிராயம் என்று அவர் முகம் கேட்டது.

"இதுல சத்தம் இல்ல சாரே. எனக்கு சத்தம் கேக்கணும். அக்கா அடிச்சு முடிச்ச சத்தம் கேட்டிட்டுத்தான் நான் அடுத்த பெட்டி எடுக்கிறது. சத்தம் இல்லாம எனக்குக் கணக்கு தெத்திப் போகும். ஓரோ பெட்டிக்கும் அக்கா மூஞ்சிய நோக்கிட்டு நிக்க பற்றுமோ?"

கணக்கு தப்பிப்போகும் என்றதும் மானேஜர் இரண்டாவது மெஷின் பக்கம் திரும்பினார். லோடு தப்பானால் அவர் தலைதான் உருளும். டச்பேடு மோசமாயிற்றே என்று இழுத்தார். "எலி வாங்கிக் குத்திக்கலாம் சாரே" என்றாள். மவுஸைத்தான் சொன்னாள். விற்பனைக்காரரே சிரித்துவிட்டார். சத்தம் போடுகிற மெஷின் மேஜையில் நின்றது. மற்றது பெட்டிக்குள் போனது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மந்தம் என்று நான் சீண்டிய அத்தனை நாளும் அவள் என் சத்தத்துக்காக நின்றிருக்கிறாள்.

சாயா வந்தது. அன்றைக்குத்தான் தட்டிலிருந்து என் கிளாஸ் எப்படி என்னிடம் வருகிறது என்று கவனித்தேன். அவள் அதை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று, காலி கிளாஸில் ஊற்றி ஊற்றி ஆற்றினாள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கொண்டுவந்து நீட்டினாள்.

"நீயா இதைச் செய்யறே?"

"பின்னே? ஒரு நாள் கொதிக்கிற கிளாஸை முழுக்கையால பிடிச்சிட்டு வர்த்தமானம் பேசிட்டு நின்னீங்கல்லோ. கை செவந்து போச்சு. நீங்க அறியவே இல்ல."

"அப்பவே தெரியுமா? ஏண்டி ஒண்ணும் சொல்லல?"

"நீங்க சொல்லலையே அக்கா."

கிளாஸை வாங்கி நானும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது, இத்தனை மாதப் பயமும் ஒன்றாக. அதோடு அழுகையும் வந்தது. குளிர் அறைக் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவள் என் சாயா முடிகிற வரைக்கும் அடுத்த பெட்டியைத் தூக்காமல் நின்றாள்.

மறுநாள் நான் சண்டைக்குப் போகாததைப் பார்த்துச் சாயாக் கடைச் சேட்டன் எனக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்விட்டார். "எந்து பற்றி சேச்சி, சுகமில்லே?" என்று கேட்டார்.